அம்மாளு தவறியது ஒழுக்கமா, அறமா?

போன பருவத்தில், புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறுகதை பற்றி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி: “வறுமையின் காரணமாக ஒழுக்கம் தவறிய அம்மாளுவைச் சமூகம் ஏற்றுக்கொள்ளாது.” எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. எத்தனையோ கட்டுரைகளில் பார்த்துப் பழகிய வாக்கியம்தான். சிவப்புப் பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தியிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. கதை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறது அந்த வரி. எழுதிய பெண்ணுக்கோ அப்படி ஓர் எண்ணமே கிடையாது. அம்மாளுவுக்காக அழுதேன் என்று வகுப்பில் சொன்னவள் அவள். அவள் எடுத்துப் போட்ட இரண்டு சொற்கள் அவளைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டன. ஒன்று ‘ஒழுக்கம்’. இன்னொன்று ‘சமூகம்’.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1934-இல் புதுமைப்பித்தன் எழுதியது, இரண்டு மூன்று பக்கம்தான் வரும். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். வண்டி விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், கையில் காசு இல்லை. அவள்மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த ஒருவன் சந்தில் நிற்கிறான். இருவரும் இருட்டில் மறைகிறார்கள். அவ்வளவுதான். “அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள். ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!” என்று சொல்லிவிட்டு, “என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!” என்று முடித்துவிடுகிறார்.

இந்தக் கதையைப் பற்றி எழுத உட்காரும் ஒருவர் எந்தச் சொல்லை எடுப்பது? அறம், ஒழுக்கம், தர்மம், நீதி, விழுமியம், கற்பு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி, முந்தின வரியில் ‘அறம்’ வந்துவிட்டதே, இந்த வரியில் ‘ஒழுக்கம்’ போடுவோம், அலுப்புத் தட்டாது என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அங்கேதான் கட்டுரை தடம் மாறுகிறது. நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். சொல்லை எடுக்கும் முன், அதற்குள் நீதிபதியாக உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். அவருடைய தீர்ப்பு உங்களுக்குச் சம்மதம் என்றால் எடுங்கள்.

‘ஒழுக்கம்’ என்ற சொல் பிறந்தபோது அதில் தீர்ப்பே இல்லை. ஒழுகுதல் என்றால் நடத்தல், செல்லுதல். ஒழுக்கம் என்றால் நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் ஊருக்குத் தெரியாமல் காதலிப்பதைக்கூட ‘களவொழுக்கம்’ என்றே அக இலக்கணம் கூசாமல் சொன்னது. குறளுக்கு வரும்போது சொல்லின் எடை கூடிவிடுகிறது: “ஒழுக்கம் விழுப்பம் தரலான் ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்.” அதே அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பலர் கவனிப்பதில்லை. “உலகத்தோடு ஒட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்.” உலகம் எப்படி நடக்கிறதோ அதோடு ஒட்டி நடக்கத் தெரியாதவர், எவ்வளவு படித்திருந்தாலும் அறிவில்லாதவர் என்கிறது. அதாவது ஒழுக்கத்துக்கு அளவுகோல் வெளியே இருக்கிறது, பார்க்கிறவர்கள் கையில். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதை இன்னும் இறுக்கிவிட்டார். அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதித்த நிலைகளில் நின்று வழுவாது ஒழுகுதல்தான் ஒழுக்கம் என்று உரைப்பாயிரத்திலேயே எழுதிவைத்தார். பிறப்புக்கு ஏற்றபடி நடையும் மாறும் என்றாகிவிட்டது.

இன்றைக்கு அந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழ், அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கை. அப்புறம் காலைப் பேப்பரில், “மனைவியின் நடத்தையில் சந்தேகம்” என்று தொடங்கும் செய்தி. கொலையானவள் அந்தப் பெண். வரியைப் படித்தால் விசாரணை அவள்மேல் நடப்பதுபோல இருக்கும். ஆணை ‘ஒழுக்கங்கெட்டவன்’ என்று திட்டினால் குடிக்கிறான், வேலைக்குப் போவதில்லை, மரியாதை தெரியவில்லை என்று பத்துக் காரணம் இருக்கலாம். பெண்ணை அப்படிச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். ‘ஒழுக்கம் தவறிய அம்மாளு’ என்று எழுதியதும் இவ்வளவும் அவள் தலையில் வந்து இறங்குகிறது. முன்னால் ‘வறுமையின் காரணமாக’ என்று சேர்த்தது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் மனுதான். குற்றம் குற்றமாகவே நிற்கிறது.

அதற்காக ‘ஒழுக்கம்’ என்ற சொல்லே கூடாது என்று சொல்ல மாட்டேன். கதையே கண்காணிப்பைப் பற்றியது என்றால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. கதாபாத்திரங்கள் எதை வைத்து ஒருவரையொருவர் அளக்கிறார்கள் என்று விவரிக்கும்போது ‘ஒழுக்கம்’ என்று எழுதலாம். விமர்சகர் தன் குரலில் அளக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். ‘ஊர் பேசும் ஒழுக்கம்’ என்று எழுதினால் பொறுப்பு ஊரிடம் போய்விடும். ‘ஒழுக்கம் தவறிய’ என்று எழுதினால் பொறுப்பு எழுதியவர் கைக்கு வந்துவிடும். ஓர் அடைமொழி இந்த வித்தியாசத்தைச் செய்துவிடும்.

சரி, ‘அறம்’ என்று மாற்றினால்? “மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்” என்ற குறளில் நீதிபதி உள்ளே போய்விடுகிறார். மனசில் அழுக்கில்லை என்றால் அதுதான் அறம், மற்றதெல்லாம் ஆரவாரம். புறநானூற்றில் புலவர் முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது, இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன்’ அல்ல அவன் என்கிறார். அறத்தை விலைக்கு விற்பவன் என்று ஒரு சொல்லை அந்தக் காலத்திலேயே செய்துவைத்திருக்கிறார்கள். கைம்மாறு எதிர்பார்த்தால் அறத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற கூச்சம் அதில் தெரிகிறது. ஒழுக்கத்துக்கு இந்தக் கூச்சம் தேவையில்லை. ஊர் மெச்ச நடந்தாலும் அது ஒழுக்கம்தான்.

அம்மாளுவுக்கு இன்னும் நெருக்கமாக வருவது மணிமேகலை. “அறம் எனப்படுவது யாதெனக் கேட்பின் மறவாது இதுகேள் மன்னுயிர்க்கு எல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டது இல்.” சோறு, துணி, இருக்க இடம். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் ‘பால் கஞ்சி’ என்று எழுதினேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அதே பெண் எழுந்து, “ஐயா, அப்படின்னா அம்மாளு அறம் தவறலையே. அவளுக்குச் செய்ய வேண்டிய அறத்தைத்தானே யாரும் செய்யல?” என்றாள். ஒரு சொல்லை மாற்றியதும் எழுவாய் இடம் மாறிவிட்டது. தவறியது யார் என்ற கேள்வி இப்போது அம்மாளுவை விட்டு வெளியே போய்விட்டது. எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

ஆனாலும் அறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்ல மாட்டேன். இரண்டு காரணம். முதலாவது, அந்தச் சொல்லும் தன் காலத்தின் சாதியோடும் வரிசையோடும் சேர்ந்தே வந்திருக்கிறது. பரிமேலழகருக்கு அறம் என்பது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் பிழைத்தவர்க்கு அறம் கூற்றாகும் என்று பதிகத்திலேயே சொல்லித் தொடங்கும் காப்பியம். அரசவையில் “தேரா மன்னா” என்று அழைத்து வழக்காடி, பாண்டியனை “யானோ அரசன் யானே கள்வன்” என்று சொல்ல வைத்து, அவன் உயிரும் போன பிறகு, கண்ணகி மதுரையை எரிக்கிறாள். எரிக்கும்போது தீக்கு இடும் கட்டளை: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் (தீயவர்) பக்கமே சேர்க. இந்தப் பட்டியலை ஒவ்வொரு முறை நடத்தும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். குழந்தைகளையும் கிழவர்களையும் விட்டுவிடச் சொன்ன கருணை அதில் இருக்கிறது. பிறப்பால் தப்பிக்கிறவர்கள் யார் என்பதும் அதில் இருக்கிறது. ‘பத்தினிப் பெண்டிர்’ தப்பினார்கள் என்றால் மதுரையில் பத்தினி என்று பெயர் வாங்காத பெண்கள் என்ன ஆனார்கள்? அம்மாளு அந்த ஊரில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாள்? ‘சிலம்பின் அறம்’ என்று எழுதுகிறவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த அறம் மன்னனைத் தட்டிக் கேட்கும் அளவுக்குப் பெரியது. அதே சமயம் பெண்களைப் பத்தினி என்றும் மற்றவர் என்றும் பிரித்துப் பார்ப்பதும் அதுதான்.

இரண்டாவது காரணம் நம் காலத்தில் வந்தது. மதிப்புரை, முன்னுரை, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் அறம் இறைந்து கிடக்கிறது. அறச்சீற்றம், அறவுணர்வு, எழுத்தறம், அறம்சார் பார்வை. ‘அறத்தோடு எழுதப்பட்ட நாவல்’ என்று ஒருவர் எழுதினால் அந்த நாவலைப் பற்றி எனக்கு என்ன தெரிய வருகிறது? ஒன்றுமில்லை. மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘அறம்’ வரும் வாக்கியத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்றால் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். “அம்மாளுவுக்குச் செய்ய வேண்டிய அறத்தை யாரும் செய்யவில்லை” என்பதில் அடித்துப் பாருங்கள். வாக்கியமே உட்கார்ந்துவிடும். அங்கே அது இருக்க வேண்டும்.

தர்மத்தை இப்படி நீட்ட வேண்டியதில்லை, ஆனால் அதற்கும் அதற்கான இடம் உண்டு. தமிழில் அது பல வேலை பார்க்கும் சொல். கோயில் வாசலில் “தர்மம் பண்ணுங்க சாமி” என்றால் பிச்சை. கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை அடித்தால் ‘தர்ம அடி’. பாரதி பாஞ்சாலி சபதத்தில், தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும் என்று பாடும்போது உலகத்தைத் தாங்கும் ஒழுங்கு. இலக்கிய விமர்சனத்தில் இதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது: பதவியாலும் உறவாலும் வரும் கடமைகள் ஒன்றோடொன்று மோதும் இடம். அரசனின் தர்மம், மகனின் தர்மம், மனைவியின் தர்மம். அந்த மோதலுக்குத் ‘தர்மசங்கடம்’ என்று அருமையான சொல் நம்மிடம் இருந்தது. “கல்யாணத்துக்கு மொய் எழுதக் காசில்ல, தர்மசங்கடமாப் போச்சு” என்ற அளவுக்கு அது இளைத்துவிட்டது. பழைய கனத்தோடு அதை எழுத வேண்டுமானால் சுற்றி இரண்டு வரி விளக்கம் தேவைப்படும். நான் பெரும்பாலும் ‘அறச்சிக்கல்’ என்றே எழுதிவிடுகிறேன். பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும் என்றால் ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ இருக்கிறது. மாணிக்கவாசகர் காலத்திலிருந்தே நமக்குப் பழக்கமான எறும்பு.

அம்மாளுவின் நிலையைத் தர்மசங்கடம் என்று சொல்லலாமா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். புருஷனைக் காப்பாற்றுவது ஒரு தர்மம், கற்பு இன்னொரு தர்மம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள் என்றான். நல்ல கேள்வி. ஆனால் கதையில் தேடிப் பாருங்கள், அவள் தயங்கித் தவிக்கும் காட்சியை எழுத்தாளர் எழுதவே இல்லை. தயக்கம் எழுதியிருந்தால் நாம் அவளோடு சேர்ந்து தவித்து, கடைசியில் அவளை மன்னித்து, நல்லவர்களாக வீட்டுக்குப் போயிருப்போம். அந்த வசதியை அவர் நமக்குக் கொடுக்கவில்லை. கதையில் இல்லாத போராட்டத்தைத் ‘தர்மசங்கடம்’ என்ற சொல் கொண்டுவந்து நட்டுவிடும். இங்கே அது வேண்டாம்.

‘நீதி’ சட்டத்துக்கும் உரிமைக்கும் பக்கத்தில் நிற்கும் சொல். பழந்தமிழில் இந்த வேலையையும் அறமே பார்த்தது. மதுரைக்காஞ்சியில் நியாயம் தீர்க்கும் இடம் ‘அறங்கூறு அவையம்’. இன்று நீதிமன்றமும் சமூகநீதியும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. கேட்பதற்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் இருக்கும் கதைக்கு நீதி பொருந்தும். கண்ணகிக்குப் பொருந்தும். நிலத்துக்காகவும் கூலிக்காகவும் போராடும் நாவல்களுக்குப் பொருந்தும். அம்மாளு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ‘அம்மாளுவுக்கு இழைக்கப்பட்ட அநீதி’ என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதில் அவள் வெறுமனே அடிபட்டவளாகச் சுருங்கிவிடுகிறாள். கதையில் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள்: ‘சம்பாதித்துவிட்டாள்’. மில்லில் வாரக்கூலி வாங்குகிறவளுக்கு எந்தச் சொல்லைச் சொல்வோமோ அதே சொல். விற்றாள், இழந்தாள், கெட்டாள் என்று எதையும் அவர் எழுதவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நாம் எந்தப் பெயர்ச்சொல்லை வைத்தாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

‘விழுமியம்’ ஆய்வேடுகளுக்கு ஏற்ற சொல். இரண்டு காலத்தையோ இரண்டு பண்பாட்டையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, எந்தப் பக்கமும் சாயாமல் ‘அவர்கள் உயர்வாகக் கருதியவை’ என்று சொல்ல அது உதவும். கதையின் சூட்டுக்கு அருகில் கொண்டுபோனால் குளிர்ந்துவிடும். இதன் தாய்ச்சொல்லான ‘விழுமம்’ மட்டும் அப்படி இல்லை. தொல்காப்பியம் அதற்குச் சீர்மை என்றும் இடும்பை என்றும் பொருள் சொல்கிறது. ஒரே சொல்லில் சிறப்பும் துன்பமும். குறளில் “விழுமந் துடைத்தவர் நட்பு” என்னும்போது அது துன்பம். உயர்வாக நினைப்பதுதான் நம்மை வருத்தவும் செய்யும் என்று அந்தச் சொல்லைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்று தோன்றும்.

மிச்சம் ‘கற்பு’. புதுமைப்பித்தனே கதையில் வைத்திருக்கும் சொல் இதுதான், அதையே கட்டுரையிலும் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவர் அதைத் தன் சொல்லாக வைக்கவில்லை. நம் வாயில் இருப்பதை எடுத்து நம் முன்னாலேயே போடுகிறார். மேற்கோளுக்குள் வைத்து எழுதலாம். மேற்கோளை எடுத்துவிட்டால் அது நம் சொல்லாகிவிடும். தொல்காப்பியக் கற்பியலில் கற்பு என்றால், கொடுக்க உரியவர்கள் கொடுக்க, சடங்கோடு நடக்கும் மணம். பெண்ணின் உடம்பு மட்டுமே அதற்குச் சாட்சி என்றானது பிற்பாடு. “கற்பு நிலையென்று சொல்லவந்தார் இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்” என்று பாரதி எழுதிச் சில பத்தாண்டுகளுக்குள் வந்த கதை பொன்னகரம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். பாரதி அந்தச் சொல்லைத் திருத்தப் பார்க்கிறார். புதுமைப்பித்தனுக்கு அதைத் திருத்தும் பொறுமை இல்லை.

இனி இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ‘சமூகம் ஏற்றுக்கொள்ளாது.’ என் மாணவர்களின் கட்டுரைகளில் இந்தத் தொடர் வராத பக்கம் குறைவு. அந்தச் சமூகம் யார் என்று கேட்டால் பதில் வராது.

‘சமூகம்’, ‘சமுதாயம்’ இரண்டையும் ஒரே பொருளில்தான் எழுதுகிறோம். இரண்டின் பிறப்பு வேறு. மகாராஜா சமூகத்துக்கு, துரையவர்கள் சமூகத்துக்கு என்று பழைய மனுக்களில் எழுதுவார்கள். அங்கே சமூகம் என்றால் பெரியவரின் முன்னிலை. இலங்கைத் தமிழில் இன்றும் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பதைச் ‘சமூகமளித்தார்’ என்கிறார்கள். திரள் என்ற பொருளிலும் சமூகம் உண்டு, அது வடமொழியில் வேறு மூலத்திலிருந்து வந்தது. தமிழில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. சமுதாயத்துக்கு நிலத்தோடு உறவு. தஞ்சைப் பக்கத்தில் நிலத்தைத் துண்டு போடாமல் பொதுவில் வைத்துப் பங்கு பிரித்துக்கொண்ட ஊர்களைச் சமுதாயக் கிராமம் என்பார்கள். அந்தப் பங்கும் மிராசுதாரர்களுக்குத்தான். சேற்றில் இறங்கியவர்களுக்கு இல்லை. “முப்பது கோடி ஜனங்களின் சங்கம் முழுமைக்கும் பொதுவுடைமை” என்று பாரத சமுதாயத்தைப் பாரதி பாடும்போது, அந்தப் பங்கை எல்லாருக்கும் விரித்துவிடுகிறார். அதனால் ஒன்றாக வாழ நினைக்கும் மக்கள், வரப்போகும் நல்ல ஏற்பாடு என்ற பொருள் வேண்டுமிடத்தில் எனக்குச் சமுதாயம் பிடிக்கும். இருக்கிற அமைப்பை ஆராயச் சமூகம் போதும். ‘சமூக’ என்று அடைமொழியாக நிற்கவும் அது இலகுவானது.

ஆனால் இரண்டுக்கும் இன்று ஒரே நோய் வந்திருக்கிறது. “நம்ம சமூகத்துப் பையன்”, “எங்க சமுதாயத்துல அப்படிப் பழக்கம் இல்ல” என்று யாராவது சொன்னால் அவர் பேசுவது சாதியை. வரன் தேடும் விளம்பரத்தில் ‘அதே சமூகத்தில்’ என்றால் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். சாதி என்று சொல்லக் கூச்சப்பட்டு இந்தச் சொல்லை முகமூடியாக மாட்டிக்கொண்டார்கள். அப்படியிருக்க, சாதியைப் பற்றிய ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதும்போது ‘சமூகம் ஒதுக்கியது’ என்று எழுதினால் ஒதுக்கியவர்கள் நிம்மதியாக ஒளிந்துகொள்ளலாம். அங்கே சாதி என்றே எழுத வேண்டும். எந்தத் தெரு எந்தத் தெருவுக்குள் விடவில்லை என்று எழுத வேண்டும்.

சமூகம் என்ற பெரிய சொல்லுக்குக் கீழே, பேச்சில் நல்ல சின்னச் சொற்கள் இருக்கின்றன. ஊர். தெரு. அக்கம்பக்கம். சொந்தபந்தம். ‘நாலு பேர்’. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1966-இல் வந்த கதை. மழையில் காரில் ஏறிப்போய்க் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண். அம்மா முதலில் அவளை அடித்து அலறுகிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்டதும் சட்டென்று மறைத்துவிட்டு, மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, இது தண்ணீர் இல்லை நெருப்பு, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பின்னால் வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் இதன் மறுபக்கம். அங்கே விஷயம் வெளியே போய்விடுகிறது, பெண்ணின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. கதைக்கும் நாவலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சமூகம் மாறியதால் வந்தது இல்லை. ஒரு சத்தம் சுவரைத் தாண்டியதா இல்லையா என்பதுதான். இதைச் ‘சமூகத்தின் பார்வை’ என்று எழுதினால் அந்தச் சுவரும் அந்தச் சத்தமும் காணாமல் போய்விடும். ‘அக்கம்பக்கம்’ என்று எழுதினால் இரண்டும் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் அக்கம்பக்கம் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். குறையாது. கதைக்குள் இருக்கும் மனிதர்களின் அளவுக்குச் சொல் இருந்தால் அதுவே துல்லியம்.

மனசாட்சி, குற்றவுணர்வு, பழி, நாணம் என்ற வரிசைக்கும் இதே அளவுகோல் போதும். குற்றவுணர்வு உள்ளே சுடுவது; “தன்நெஞ்சே தன்னைச் சுடும்” என்று வள்ளுவர் சொன்னது. பழி வெளியிலிருந்து வருவது. நாணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. “பிறர்நாணத் தக்கது தான்நாணா னாயின் அறம்நாணத் தக்கது உடைத்து” என்ற குறளில் பிறர், தான், அறம் மூவரும் ஒரே வரியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தச் சொற்களை வைத்துத் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பொன்னகரத்துக்குத் திரும்புவோம். அந்தக் கதையில் அம்மாளுவை ஏற்றுக்கொள்ளாத சமூகம் எங்கே இருக்கிறது? கதையை வரிவரியாக மறுபடி வாசிக்கச் சொன்னேன். முருகேசன் அவளைத் துரத்தவில்லை. மாமியார் வசை பாடவில்லை. தெருவில் யாரும் கூடிப் பேசவில்லை. மில்லில் யாருக்கும் தெரியாது. அவளைக் குறை சொல்லும் ஓர் ஆள்கூடக் கதைக்குள் இல்லை. “கதைக்கிறீர்களே” என்ற வினை மட்டும்தான் யாரையோ நோக்கிப் போகிறது. அந்த ‘நீங்கள்’ யார் என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “படிக்கிறவங்க, ஐயா” என்றது.

கட்டுரை எழுதிய பெண் அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் திருத்திய தாளோடு துறைக்கு வந்தாள். ‘ஒழுக்கம் தவறிய’ போயிருந்தது. ‘வறுமையின் காரணமாக’வும் போயிருந்தது. “அம்மாளு சம்பாதித்த முக்கால் ரூபாயை ஒழுக்கத்தால் அளந்து பார்ப்பது” என்று தொடங்கி, அடுத்த சொல் வர வேண்டிய இடத்தில் ‘சமூகம்’ என்று எழுதி அடித்து, ‘வாசகர்’ என்று எழுதி அதையும் அடித்து, மேலே பென்சிலால் ‘நாம்’ என்று எழுதியிருந்தாள்.

“ஐயா, ஆய்வுக் கட்டுரையில தன்மை இடத்துல எழுதக் கூடாதுன்னு முதல் வருஷம் சொல்லிக் கொடுத்தாங்களே. இங்க ‘நாம்’ போடலாமா?”

“போடும்மா” என்றேன். “பென்சில்ல வேண்டாம், பேனாவாலயே எழுது.”